பேங்க் வேலையை விட்டவள் எழுதுவது

அன்புள்ள கீதா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சின்னவள் பிளஸ் ஒன்னில் பயாலஜிதான் எடுப்பேன் என்று அடம் பிடிக்கிறாளா? எடுக்கட்டும், விடு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், ராஜினாமா செய்துவிட்டேன். ஊரில் நீ கேள்விப்பட்டதெல்லாம் உண்மை, என் மேல் விசாரணை நடக்கிறது என்பதைத் தவிர. பேங்க் வேலையை ஒருத்தி தானாக விடுவாள் என்று நம்ம பக்கத்தில் யாரும் நம்பத் தயாராக இல்லை. பணத்தில் கை வைத்தாளா, புருஷனோடு சண்டையா, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்!

நீண்ட லீவு போட்டுப் பார்த்திருக்கலாமே என்று எழுதியிருந்தாய். போட்டேன். நன்றாகத் தூங்கினேன். திரும்பிப் போன அன்று காலையில் தவணை தவறியவர்கள் பட்டியலைத் திறந்ததும் லீவே எடுக்காத மாதிரி ஆகிவிட்டது. 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 என்று பிரித்துப் பட்டியல் வரும். 60 தாண்டிய பெயருக்கெல்லாம் மேனேஜரான நான் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் வீடியோவில் ரிவ்யூ. கடன் முடிந்ததும் இன்ஷூரன்ஸ் டார்கெட். கடன் கேட்டு வருகிறவர் தலையில் பாலிசியையும் கட்டு என்று எழுத்தில் யாரும் தர மாட்டார்கள். எல்லோர் முன்னாலும், "உங்க பிராஞ்ச் ஏன் மேடம் ஜீரோ?" என்று மட்டும் கேட்பார்கள்.

வேலை அதிகம் என்பது எனக்குக் கஷ்டமாகவே இருந்ததில்லை. 2012-ல் சேர்ந்த புதிதில் மார்ச் 31 கணக்கு முடிப்புக்கு நள்ளிரவு வரை இருப்போம். டீயும் பஜ்ஜியுமாக அது ஒரு திருவிழா. என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடுகிறவர்கள் முன்பெல்லாம் நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பார்கள். அப்புறம் அசலையும் முழுசாகக் கட்டி, நகையை மீட்டுத்தான் மறுபடி வைக்கலாம் என்றானது. அதற்காக வெளியில் வட்டிக்கு வாங்கி வருவார்கள். அப்படிப் பணத்தோடு வந்த ஒரு பாட்டி, சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றதும் அழுதுவிட்டார். அவருக்கு அது இன்னொரு நாள் வட்டி. நான் அவர் கையிலிருந்த டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமும் வரவில்லை, பாவமாகவும் இல்லை. அவர் என் அப்பத்தா மாதிரியே பின்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தார் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போனேன். தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை எல்லாம் பார்த்தார். எதிலும் குறை இல்லை. வேலை எப்படி என்று அதற்கப்புறம்தான் கேட்டார். பர்ன்அவுட், அதாவது வேலையே ஆளை எரித்து ஓய வைத்துவிடுவது, அதைப் பற்றி அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு விளக்கம் தந்தபோதும் நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. அடையாளம் மூன்று: தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்ற எண்ணம். முதலாவதற்கு லீவு உதவும், இரண்டாவதற்கு எனக்கு உதவவில்லை. 1974-ல் இதைப் பற்றி எழுதிய ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனைக்கு ஆசைப்பட்டு வந்து உழைத்தவர்களைப் பார்த்துத்தான் எழுதினாராம். சோம்பேறிகளுக்கு இது வராது என்று என் மாமியாரிடம் சொன்னேன். "அப்ப நானும் அடுப்படியை விட்டுடவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

விடுவதும் லேசாக இல்லை. மூன்று மாத நோட்டீஸ். நான் கொடுத்த கடன் ஃபைல்களைத் துருவிப் பார்த்துவிட்டுத்தான் விடுவித்தார்கள். கிராஜுவிட்டி வந்தது. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்ததால் எனக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். அந்தக் கணக்கு கூடவே வரும். அடி விழுந்தது வீட்டுக்கடனில். ஸ்டாஃபுக்கான குறைந்த வட்டி போய் ஊருக்கெல்லாம் உள்ள வட்டி வந்துவிட்டது. மருத்துவக் காப்பீடும் போனதால் முதல் வேலையாக எல்லோருக்கும் தனியாக எடுத்தோம். என் வீட்டுக்காரருடைய உரக்கடை வருமானத்தில் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று கணக்கு. தைரியமாக விட்டுவிட்டாய் என்கிறாய். பாதி தைரியம், பாதி உரக்கடை. என் பிராஞ்சில் கிளார்க்காக இருக்கும் பெண்ணின் நிலைமை என்னைவிட மோசம். அவள் சம்பளத்தில்தான் வீடே நடக்கிறது. அவள் எங்கே விட முடியும்?

பள்ளிக்கூட விவரங்களையெல்லாம் எமிஸ் இணையதளத்தில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பேசி நாளாயிற்று என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதை மறுபடி படித்தேன். உதவித் தலைமையாசிரியை பொறுப்பை இந்த வருஷமாவது வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொல்லிக் கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மறைக்காமல் எழுது.

பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. முடியாவிட்டால் எந்தச் சனிக்கிழமையிலும் வரலாம். இரண்டாவதா நான்காவதா என்று இனி என்னைக் கேட்க வேண்டியதில்லை.

உன்,
சுமதி