ஐக்கிய ஜெப வாரம்: குழுவினர் கவனத்துக்கு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜனவரி 18 முதல் 25 வரை, எல்லா சபையாரும் சேர்ந்து ஜெபிக்கும் ஐக்கிய ஜெப வாரம். சாயங்காலம் ஒவ்வொரு சபையிலும் கூடுவோம். ஆர்.சி. (கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே, எல்லோரும் வாருங்கள்.

ஞானஸ்நானம் தெளிப்பா, முழுக்கா என்ற விவாதம் மட்டும் அந்த எட்டு நாளும் குழுவில் வேண்டாம் (தொடங்கினால் முடியாது, நமக்கே தெரியும்!). 1919-ல் சபைகளை ஒன்றாக்குவது பற்றிப் பேசத் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள் (நாம் நம்புவதைச் சொல்லும் அறிக்கைகள்), ஞானஸ்நானம், திருவிருந்து இவற்றில் சீக்கிரமே ஒத்துப்போனார்கள். பேராயர் பதவி, குருப்பட்டம் பற்றித்தான் இழுபறி. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாக 28 வருடம் பிடித்தது. அவ்வளவு பொறுமை நமக்கும் வேண்டும்.

அப்புறம், தினமும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்வோம். தமிழ் வாசகம் சபைக்குச் சபை கொஞ்சம் மாறும் என்பதால் அச்சிட்ட தாள் வாசலிலேயே கிடைக்கும்.