டிக்கெட் விலையோட உயரக் கணக்கையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல லீவுக்குக் குழந்தைங்களக் கூட்டிட்டுப் போறதுக்கு தீம் பார்க் பத்தி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீங்க, டிக்கெட் எவ்ளோ, எத்தன ரைடு, எந்த பஸ்ல போறதுன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு முதல்ல தெரிய வேண்டியது மட்டும் இல்ல. எவ்ளோ உயரம் இருந்தா எந்த ரைடுல ஏத்துவாங்கங்கிறதுதான் அது.

கடலூர்ல இருக்கிற எங்களுக்கு எந்தப் பெரிய பார்க்கும் பக்கத்துல கிடையாது. இஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா, எதுக்குப் போனாலும் பாண்டி மரக்காணம்லாம் தாண்டி மூணு மணி நேரம் ஆகும், குழந்தைங்க இருந்தா நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தணும் அது வேற. வண்டி வாடகை, டீசல், டோல், ஆளாளுக்கு டிக்கெட்னு ஒரு மாச மளிகைக் காசு போயிடும். இவ்ளோ செலவு பண்ணிப் போயி குழந்தைக்கு ஏற ரைடே இல்லன்னா என்ன பண்றது?

ஒரு பார்க்ல (பேர் வேணாம்) என் கண்ணால பார்த்தேன். ரொம்ப நேரமா வெயில்ல க்யூல நின்னு முன்னாடி வந்த ஒரு பாப்பாவ உயரம் குறிச்ச கட்டைகிட்ட நிறுத்தினாங்க, அது குதிங்கால எக்கி நுனிக்கால்ல நின்னுச்சு, அங்க இருந்த தம்பி மெதுவா தோளப் புடிச்சு அமுக்கி, உச்சந்தலைல போட்டிருந்த கொண்டையையும் கையால அழுத்திப் பார்த்துட்டு இல்லம்மான்னுட்டாரு. அந்தத் தம்பி மேல தப்பே இல்ல, அவரு சரியாதான் செஞ்சாரு. இடுப்புக்கு மேல வந்து பூட்டுற கம்பி பெரியவங்க உடம்புக்கு அளவு வச்சது, குள்ளமான குழந்தை அதுக்குக் கீழ வழுக்கி வெளிய வந்துடும், உயிர் சமாச்சாரம். ஆனா அந்த போர்டு ரைடு வாசல்ல இருந்து என்ன புண்ணியம், டிக்கெட் கவுண்டர்ல இருக்கணும், க்யூ ஆரம்பிக்கிற எடத்துல இருக்கணும், தமிழ்ல பெருசா இருக்கணும்.

பெரிய ரோலர் கோஸ்டர்னா பல எடத்துல 140 சென்டிமீட்டர் கேக்கிறாங்க. மூணு வயசுக் குழந்தை சராசரியா 95 தான் இருக்கும், அஞ்சு வயசுக்கு 110, பத்து வயசு தாண்டினாதான் 140 வரும். அதனால புக் பண்றதுக்கு முன்னாடி வீட்டுலயே செவுத்துல நிக்க வச்சு டெய்லர் டேப்ல அளந்துடுங்க, செருப்பு இல்லாம. டிக்கெட்டே பல எடத்துல வயசு பார்த்து போடுறதில்ல, உயரம் பார்த்துதான். அளந்த கணக்க வச்சுக்கிட்டு பார்க்குக்கு ஒரு போனப் போட்டு எங்க பாப்பா இவ்ளோ உயரம் எத்தன ரைடு போகலாம்னு கேளுங்க, சொல்லிடுவாங்க. மூணு ராட்டினமும் ஒரு குட்டி ரயிலும்தான்னா பேசாம சில்வர் பீச்லயும் சுண்ணாம்பாறு போட்லயும் பாண்டி தாவரவியல் பூங்காலயும் அந்த நாளக் கழிச்சுடலாம், மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அதுவே திருவிழா.

போறதுன்னு முடிவாயிட்டா சனி ஞாயிறு வேணாம். விடியக்காலைல கெளம்புங்க, குழந்தை வண்டிலயே தூங்கிடும், கேட் திறக்கிறப்போ உள்ள இருக்கலாம். புளிசாதம் கட்டிக்கிட்டுப் போனா வழியிலயே எறக்கிச் சாப்பிட்டுடுங்க, பெரும்பாலும் வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, கைக்குழந்தைக்குக் கஞ்சி, பால்னா விடுவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள ராட்டினம், அப்புறம் சாப்பாடு, நிழல்ல ஒரு தூக்கம், மூணு மணிக்கு மேல தண்ணி. அக்னி நட்சத்திரத்துல அந்த சிமெண்ட் தரை எப்படிக் கொதிக்கும்னு பெரியவங்களுக்குத் தெரியாது, நாம செருப்போட நடப்போம், தண்ணில ஆடிட்டு வெறுங்கால்ல ஓடுற குழந்தைக்குதான் தெரியும். ரப்பர் செருப்ப கைலயே வச்சிருங்க. காட்டன் துணியோட தண்ணில எறக்க மாட்டாங்க, நைலான் ட்ரெஸ்ஸ இங்கயே வாங்கிட்டா நல்லது, அங்க போயி வாங்கினா வெல கூட.

இன்னொண்ணு கண்டிப்பா போடுங்க. குழந்தைங்க குளம் கணுக்கால் தண்ணிதானேன்னு விட்டுட்டு போன்ல ரீல்ஸ் எடுக்கிறாங்க. சின்னக் குழந்தை அரை அடித் தண்ணில குப்புற விழுந்தா கத்தாது, கை அடிக்காது, சத்தமே வராது. லைஃப் கார்டு ஒருத்தரு நூறு தலைய பார்க்கணும், நம்ம பிள்ளைய நாமதான் பார்க்கணும். கூட வர்றவங்க பேசி வச்சுக்கிட்டு முறை போட்டு ஒருத்தர் கை எட்டுற தூரத்துல தண்ணிலயே நிக்கணும், அவங்க கைல போன் இருக்கக் கூடாது. குழந்தை கைல பேனாவால நம்ம நம்பர எழுதி விடுங்க, தண்ணில அழியாத மார்க்கர் கடைல கெடைக்குது.

அடுத்த தடவ லிஸ்ட் போடுறப்போ ஒவ்வொரு பார்க்குக்கும் நேரா 100 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கிற குழந்தைக்கு எத்தன ரைடு, பால் குடுக்க ரூம் இருக்கா, நிழல் இருக்கான்னு மூணே மூணு வரி சேருங்க சார். ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வந்துச்சுன்னா எங்க தெருவுலயே நாலஞ்சு குடும்பம் அத வெட்டி வச்சுக்கிட்டுதான் கெளம்புவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.