மூத்த குடிமக்கள் நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் பணிவான வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. அக்டோபர் 1 முதியோர் நாளும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடைபெற்றன. கண் பரிசோதனை முகாம் ஒன்றும் நடத்தப்பட்டது.

செவ்வாய்தோறும் செல்லூர் அலுவலகத்தில் நடந்துவரும் மனு மேசை தேவைதானா என்று செயற்குழுவிலேயே வினா எழுந்ததால், அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கான மனுவை முன்பெல்லாம் பேரனோ வேறு எவரோ எழுத, உரியவர் கைநாட்டு மட்டும் வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. இப்போது அவர் சொல்லச் சொல்ல, ஓய்வுபெற்ற எழுத்தர்களான நம் உறுப்பினர்கள் எழுதி, படித்துக் காட்டிய பிறகே மனு செல்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை வழக்கறிஞர் இன்றியே அணுகலாம் என்பதும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அச்சட்டம் வந்தபின் எழுதிக்கொடுத்த சொத்தை, பிள்ளைகள் அதை மீறினால் 23ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கோரலாம் என்பதும் இங்கு வந்த பலருக்குப் புதிய செய்தியாக இருந்தன. ஒரு வங்கிக் கிளையில் உதவித்தொகை மாடியில் வழங்கப்பட்டது. படியேற இயலாத நம் பெண் உறுப்பினர்களே நேரில் சென்று மேலாளரிடம் பேசினர். இப்போது கீழ்த்தளத்திலேயே தருகிறார்கள். அவர்களுக்காக நான் பேசியிருந்தால் இவ்வளவு விரைவில் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய மேசைக்கு எழுத வருவோர் மூவர் அல்லது நால்வரே. நல்ல ஓய்வூதியம் பெறும் உறுப்பினர்கள் பலர் விழாவன்று மட்டும் வருவதும், ஆண்டுச் சந்தாவை நினைவூட்டியும் செலுத்தாமலிருப்பதும் வருந்தத்தக்கன. உதவித்தொகையை நம்பி வாழும் உறுப்பினர்கள் எவரும் நிலுவை வைக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. கடன் இல்லை, கையிருப்பு போதுமானதாகவும் இல்லை. கூடம் தந்த பள்ளி நிர்வாகத்தினருக்கும் முகாமுக்கு உதவிய மருத்துவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டங்களில் நம் உறுப்பினர்களே எழுந்து தங்கள் தேவைகளைச் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுள்ளோம். எழுத ஆள் கிடைக்காவிடில், சித்திரைத் திருவிழா முடிந்தபின் மனு மேசையை மாதம் இருமுறையாகக் குறைக்க நேரும். எழுதப் படிக்க இயன்றவர்கள் செவ்வாய் காலை பத்து மணிக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருளாளரும் அந்நேரம் அங்கிருப்பதால் நிலுவைச் சந்தாவையும் செலுத்தலாம்.

இங்ஙனம்,
செயலாளர்