டிரைவுக்குள் எழுதும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேனல் வேலை முடிந்து மோட்டார் வேகத்தை மாற்றும் 12 டிரைவையும், கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறையில் ஒரே லைனில் கோத்துவிட்டாய் என்பது நல்ல சேதி. இனி கீபேடை அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், மெஷினை ஓட்டும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யே வேகத்தையும் ஆக்சிலரேஷன் நேரத்தையும் (வேகம் பிடிக்க எடுக்கும் நேரம்) மாற்றிவிடும் என்கிறாய். மாற்றும்தான். ஆனால் எல்லா மதிப்பையும் விநாடிக்கு ஒரு தரம் எழுதுகிற மாதிரி புரோகிராம் போட்டிருக்கிறாயே, அதை முதலில் நிறுத்து.

பல டிரைவ்கள் பாராமீட்டரை, அதாவது செட்டிங் மதிப்பை, வாங்கிய கையோடு ஈ.ஈ.ப்ராம் என்ற, பவர் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில் பதிந்துவிடும். அந்தச் சிப்புக்கு ஒரு லட்சம் தடவை எழுதலாம் என்பது வழக்கமான கணக்கு. உன் வேகத்தில் 28 மணி நேரத்தில் அது தீர்ந்துபோகும். அதற்கு மேலும் சிப் தாங்கலாம், நம்பி ஓட்ட முடியாது. கெட்டால் போர்டு மாற்றுகிற செலவு.

வேகக் கட்டளைக்குப் பெரும்பாலும் தனி ரிஜிஸ்டர் (எண்ணிட்ட மதிப்பு அறை) உண்டு, அது பவர் போனால் அழிகிற ராமில் மட்டும் இருப்பது. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுது. ஆக்சிலரேஷன் நேரம் அப்படியல்ல. மேனுவலில் அதே பாராமீட்டருக்கு ராம் முகவரி தனியாகக் கொடுத்திருக்கிறதா பார். இல்லையென்றால் பழைய மதிப்போடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் எழுதும் கட்டளை 06 அனுப்பு, பிறகு படிக்கும் கட்டளை 03 போட்டுத் திரும்பப் படித்துச் சரிபார். கேன்ஓப்பன் என்ற இன்னொரு முறையில் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள்: நிரந்தரமாகப் பதிய 1010 என்ற ஆப்ஜெக்டில் 65766173 என்ற ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணை எழுதியாக வேண்டும். கை தவறி யாரும் அதை அனுப்ப மாட்டார்கள். 1979-இல் வந்த மோட்பஸில் அப்படி எந்தப் பூட்டும் கிடையாது.

அடுத்தது, படிக்கும்போது மதிப்பு பக்கத்துப் பாராமீட்டருடையதாக வருகிறது என்றாயே, அது ஒன்று தள்ளிப்போகிற பழைய வியாதி. மேனுவலில் 40001 என்று இருப்பது லைனில் முகவரி 0. ஒன்றாம் டிரைவில் அங்கிருந்து இரண்டு ரிஜிஸ்டர் படிக்க 01 03 00 00 00 02, பின்னால் பிழை கண்டுபிடிக்கும் சி.ஆர்.சி. இரண்டு பைட், கீழ் பைட் முதலில். சில மென்பொருள் அந்த ஒன்றைத் தானே கழிக்கும், சிலது கழிக்காது. மதிப்பு உனக்குத் தெரிந்த பாராமீட்டர் ஒன்றைப் படித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அந்த ஃப்ளோ மீட்டர் 0 காட்டுவதும் பெரும்பாலும் வரிசைக் கோளாறுதான். 50.0 என்ற மதிப்பு ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த எண்ணாக) வரும்போது ஹெக்ஸில் 4248, 0000 என்று இரண்டு ரிஜிஸ்டர். இடம் மாற்றிச் சேர்த்தால் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணாகிவிடும், திரையில் 0 என்றுதான் தெரியும். வேர்டு ஸ்வாப் செய்து, அதாவது இரண்டையும் இடம் மாற்றிப் பார். டிரைவில் இந்தத் தொல்லை குறைவு, அங்கே 50.00 ஹெர்ட்ஸ் 5000 என்று வரும். 65526 என்று வந்தால் பயப்படாதே, 65536-ஐக் கழித்தால் அது மைனஸ் 10.

பதிலில் 03-க்குப் பதிலாக 83 வந்தால் டிரைவ் மறுக்கிறது என்று அர்த்தம். அடுத்த பைட் 02 என்றால் அந்த முகவரி இல்லை. எழுதும்போது 86 வரும், கூடவே 03 இருந்தால் மதிப்பு அதற்கு ஒத்துவரவில்லை. மோட்டார் ஓடும்போது பூட்டிக்கொள்ளும் பாராமீட்டர்களும் உண்டு, நிறுத்திவிட்டு எழுதிப் பார். பதிலே வராவிட்டால் பார்க்க வேண்டியது ஒயர். பவரை அணைத்து ஏ, பி என்ற இரண்டு சிக்னல் ஒயருக்கும் நடுவே மீட்டர் வை. 60 ஓம் சுமாருக்கு இருக்க வேண்டும்: லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர். 120 காட்டினால் ஒரு முனையில் டெர்மினேஷன் இல்லை. 40 என்றால் நடுவில் எவனோ டெர்மினேஷன் ஸ்விட்சைப் போட்டுவிட்டான். ஏ, பி பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா.

ஒரு டிரைவ் செத்துக் கிடந்தால் மற்ற பதினொன்றும் காத்திருக்கும் என்பதையும் கணக்கில் வை. பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட் 1 விநாடி, மூன்று முயற்சி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 3 விநாடி வீண். 9600 பாட் வேகத்தில் இரண்டு ரிஜிஸ்டர் படிக்கக் கேள்வியும் பதிலுமாக லைனில் 20 மில்லி விநாடிதான் ஆகும், டிரைவ் யோசிக்கிற நேரம் தனி. அதனால் டைம்அவுட்டை 200 மில்லி விநாடிக்கு இறக்கு, செத்ததைச் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு அவ்வப்போது தட்டிப் பார்.

கேபிள் அறுந்தால் டிரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற பாராமீட்டரை எப்படி வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவில்லை. கடைசி வேகத்திலேயே ஓட விட்டிருந்தால், ஆட்களை மெஷின் பக்கம் விடும் முன் மாற்றிவிடு. மேனுவலின் ரிஜிஸ்டர் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பு, ராம் முகவரி இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வம்