கணக்கில் ஏறாத நால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார இணைப்பில் கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்த்த கட்டுரையில், கண்டறியப்படாத தொற்றுகள் பற்றிய மதிப்பீடுகள் எல்லாம் 'வெறும் ஊகம்' என்று ஒரு வரி இருந்தது. சரி, போகட்டும் என்று பார்த்தால், அடுத்த வரியிலேயே பாசிட்டிவ் ஆனவர்களின் எண்ணிக்கை 'உண்மையான கணக்கு' ஆகிவிட்டது.

2020இல் எங்கள் வீட்டில் ஐந்து பேர். முதலில் எனக்குத்தான் காய்ச்சல். பரிசோதித்தேன், பாசிட்டிவ். நாலாம் நாள் மனைவிக்கு வாசனை தெரியவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் தொண்டைவலி. பேரன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவனுக்கும் ஆன்டிபாடி, அதாவது தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், இருந்தது. 'ஒரே வீடுதானே, எல்லோருக்கும் எதற்குப் பரிசோதனை' என்று அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆக ஐந்தில் ஒன்றுதான் கணக்கில் ஏறியது. மீதி நால்வர் ஊகம். கட்டுரையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். தான் ஓர் ஊகம் என்பதை அவர் ரசிக்கவில்லை.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்திவைத்த டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தங்களுக்குத் தெரியாததல்ல. 3,711 பேர் இருந்த அந்தக் கப்பலில், அறிகுறி இல்லாதவர்களையும் விடாமல் சோதித்ததால் 712 பேருக்குத் தொற்று என்று தெரிந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாதிரி கொடுத்தபோது நன்றாகத்தான் இருந்தார்கள். காய்ச்சல்காரர்களை மட்டும் சோதித்திருந்தால் அவர்களும் ஊகம்தான்.

கண்டறியப்படாத தொற்றுகளை மதிப்பிடப் பலரின் ரத்தத்தைச் சோதிக்கும் ஆன்டிபாடி ஆய்வுகள் தவறு செய்யும் என்கிறார் கட்டுரையாளர். செய்யும்தான், ஆய்வகத்திலேயே காலம் தள்ளியவனுக்கு இது செய்தியா? ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் தொற்று வந்திருக்கிறது, கருவியோ தொற்று வராத நூறு பேரில் இருவரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது என்றால், பொய்யான பாசிட்டிவ் மட்டுமே இருபது வரும். அதனால்தான் கருவியின் பிழையளவை முதலில் தெரிந்துகொண்டு, அதைக் கழித்துவிட்டு எண்ணைச் சொல்கிறார்கள். நாள் போகப்போக ஆன்டிபாடி குறைந்து சிலர் தப்பிவிடுவதும் உண்டு. அதற்கும் திருத்தம் இருக்கிறது. இத்தனையும் செய்தபின் இத்தனை பேர் முதல் இத்தனை பேர் வரை என்று ஒரு வரம்பைத்தான் சொல்வார்கள். அதற்குப் பெயர் மதிப்பீடு.

அப்புறம், இது முதல் தடவையா? விடுமுறை நாளில் பரிசோதனை குறைந்தால் மறுநாள் 'தொற்று சரிந்தது' என்று தலைப்பு வைத்தீர்கள். இறந்தவர்களைக் கண்டறியப்பட்டவர்களால் மட்டும் வகுத்து, அதுதான் இறப்பு விகிதம் என்று பயமுறுத்தினீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில் வாழ்த்தை மட்டும் போட்டு விஷயத்தை வெட்டினீர்கள். நன்றி.

கேட்பது பெரிதில்லை. இனி இப்படி ஓர் அட்டவணை போடும்போது 'பாதிக்கப்பட்டோர்' என்பதற்குப் பதில் 'கண்டறியப்பட்டோர்' என்று போடுங்கள். பக்கத்தில் எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து மேலே எங்காவது வெட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பணியாளர்