வண்டி நின்னா முதல் கேள்வி டிரைவருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிரைவர் கிடைக்க மாட்டேங்குறாங்கன்னு லாரி ஓனருங்க புலம்புறதை உங்க பேப்பர்ல அடிக்கடி படிக்கிறேன். கிடைச்ச டிரைவர் ஏன் ஒரு வருஷம் கூட நிக்க மாட்டேங்குறான்னு எங்க ஆளுங்ககிட்டயும் ஒரு தடவை கேட்டு எழுதுங்க சார். நான் ஹெவி லைசென்ஸ் எடுத்து டிரைலர் ஓட்ட ஆரம்பிச்சு 9 மாசம் ஆகுது, அதுக்குள்ள 4 தடவை வழியில வண்டி மக்கர் பண்ணிருச்சு, இப்ப வேற கம்பெனிக்கு மாறிடலாமான்னு மனசு கிடந்து அடிச்சிக்குது, அதான் எழுதறேன்.

முதல் பிரேக் டவுன் ராத்திரி 2 மணிக்கு. ஃபுல் லோடு. திடீர்னு பஸ்ஸர் கத்துது, என்னடான்னு பார்த்தா பிரேக்குக்குப் போற காத்தோட அழுத்தத்தைக் காட்டுற ஏர் மீட்டர்ல 8 பார் கிட்ட நிக்க வேண்டிய முள்ளு 5க்கு கீழ இறங்கிட்டே இருக்கு. கார் ஓட்டுறவங்களுக்கு இது புரியாது, லாரில காத்து போச்சுன்னா பிரேக் பிடிக்காம போறது இல்ல, நேர் எதிர். காத்து இருந்தாத்தான் ஹேண்ட் பிரேக் விடும், காத்து இறங்கினா பிரேக் சேம்பருக்குள்ள இருக்குற ஸ்பிரிங் தானா வந்து வீலைப் பிடிச்சிக்கும், அப்புறம் வண்டியை ஒரு இன்ச் நகர்த்த முடியாது. ஓரத்துக்கு ஒடிச்சிட்டேன், ஆனா டிரைலரோட வால் ரோட்டுக்குள்ள இருக்கும்போதே லாக் ஆயிருச்சு. நாலு பக்கமும் இண்டிகேட்டரைப் போட்டுட்டு ரிஃப்ளெக்டர் முக்கோணத்தை தூக்கிட்டு பின்னாடி ஓடுறேன், பின்னாடி வர்ற ஒவ்வொரு லைட்டும் நம்ம மேலயே வர்ற மாதிரி இருக்கு. திரும்பி வந்து டார்ச் அடிச்சு குனிஞ்சு பார்த்தா ஸ்ஸ்ஸ்னு சத்தம், ஏர் பைப் ஒண்ணு சேசிஸ் ஓரத்துல உரசி உரசி கத்தியால கீறின மாதிரி கிழிஞ்சு கிடக்கு.

ஆபீசுக்கு போன் போட்டேன். எங்க இருக்க, சேஃபா இருக்கியா, எதுவுமே இல்ல. "என்ன பண்ணித் தொலைச்ச?" இதான் முதல் வார்த்தை. அந்த பைப் உரசுதுன்னு 2 வாரம் முன்னாடியே நான் வாயால சொல்லியிருந்தேன் சார். அடுத்த டிரிப் முடிஞ்சு பார்க்கலாம்னாங்க. மெக்கானிக் வர்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு, கிழிஞ்ச இடத்தை வெட்டி ஒரு ஜாயின்ட் போட்டுட்டு, இது டெம்பரவரிதான் தம்பி, ஷெட்டுக்கு போனதும் பைப்பையே மாத்திடச் சொல்லுன்னு சொல்லிட்டுப் போனார்.

இரண்டாவது, டிரைலர்ல உள் டயர் காத்து இறங்கி இருந்திருக்கு, கூட இருக்குற வெளி டயரே மொத்த பாரத்தையும் தாங்கி சூடாகி வெடிச்சிருச்சு. ஜோடி டயர்ல இது பெரிய ஆபத்து, வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, தட்டிப் பார்த்தாலோ கேஜ் வச்சாலோதான் தெரியும். மூணாவது, புகையைச் சுத்தம் பண்ற யூரியா சிஸ்டத்தோட சென்சார் கோளாறு, அது இன்ஜின் பவரைக் குறைச்சிருச்சு, மேட்டுல மாட்டுவண்டி மாதிரி ஏறினேன். அதை விடுங்க.

நாலாவது என் தப்பு. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. டீசல் ஃபில்டருக்கு அடியில தண்ணி தேங்குற கப் இருக்கும், அதை அப்பப்ப திறந்து வடிக்கணும், சொல்லிக் கொடுத்தும் நான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். தண்ணி லைனுக்குள்ள போயி இன்ஜின் இருமி இருமி நின்னுருச்சு. பதட்டத்துல சாவியைத் திருப்பித் திருப்பி செல்ஃப் அடிச்சதுல பேட்டரியும் படுத்துக்கிச்சு. தண்ணியை வடிச்சிட்டு, ஹேண்ட் பம்ப்பை அடிச்சு காத்தை வெளியேத்தியிருந்தா அரை மணி நேரத்துல கிளம்பியிருக்கலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எங்க யார்டுல ஒரு சீனியர் அண்ணன் இருக்கார். வேலையை விடப் போறேன்னு அவர்கிட்ட சொன்னப்ப கோவப்படல, நாலுல எத்தனை உன்னால ஆச்சு, எத்தனை வண்டியால ஆச்சு, எத்தனை ஆபீசால ஆச்சுன்னு கேட்டார். எண்ணிப் பார்த்தா ஆபீஸ் கணக்குலதான் அதிகம். ரிப்பேர் ஆகாத லாரி எந்த கம்பெனிலயும் கிடையாது தம்பி, அதுக்காக மாறினா மாறிட்டே இருக்க வேண்டியதுதான், சொன்ன ரிப்பேரை எத்தனை நாள்ல பார்க்குறான்னு கவனி, அதை வச்சு முடிவு பண்ணுன்னார். வாயால சொல்லாத, தேதி போட்டு எழுதிக் கொடு, போட்டோ எடுத்து வச்சிக்கன்னும் சொன்னார். அன்னைலேர்ந்து அதான் பண்றேன். இதுல ஒரு வேடிக்கை, எழுதிக் கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஆபீஸ்ல எனக்கு வக்கீல்னு பேர் வச்சிட்டாங்க.

ஓனருங்ககிட்ட எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். எங்களுக்கு ஓடின கிலோமீட்டருக்குத்தான் காசு. வண்டி நின்னு மெக்கானிக்குக்காக 11 மணி நேரம் காத்துக் கிடந்தா அது யார் கணக்கு? தூங்கவும் முடியாது, லோடை விட்டு நகரவும் முடியாது, வண்டி ரெடியானதும் லேட் ஆயிருச்சு வேகமா வான்னு போன் வேற. ராத்திரி முழுக்க முழிச்சவனை அப்படி விரட்டுறது அந்த ரோட்ல போற எல்லாரோட உயிருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் சார், இதையாவது பெரிய எழுத்துல போடுங்க.

இப்ப இன்னொரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க, கிலோமீட்டருக்கு கொஞ்சம் கூடவே தர்றாங்களாம். சம்பளத்தை மட்டும் கேட்டுட்டு தலையாட்ட வேண்டாம்னு லீவு நாள்ல அவங்க யார்டுக்கே போனேன். நின்னுட்டிருந்த வண்டிங்களோட டயரைக் குனிஞ்சு பார்த்தேன், பட்டன் தேஞ்சு வழவழன்னு இருந்தது 2 வண்டிலதான். கேட்ல ஒரு நோட்டு கட்டித் தொங்குது, டிரைவர் எழுதின கம்ப்ளைன்டுக்கு பக்கத்துல மெக்கானிக் கையெழுத்தும் தேதியும் இருக்கு, சிலதுல இல்ல. அங்க இருந்த டிரைவர் ஒருத்தர்கிட்ட, ராத்திரி போன் அடிச்சா யார் எடுப்பாங்கன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, எடுப்பாங்க, ஆனா திட்டிட்டே எடுப்பாங்கன்னார்.

மாறினாலும் லோடை வழியில போட்டுட்டு ஓட மாட்டேன், கையில இருக்குற டிரிப்பை முடிச்சு, சாவியைக் கொடுத்து, கணக்கு முடிச்சிட்டுத்தான் போவேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்னு இருக்கேன். அந்த ஏர் பைப்பை மாத்தச் சொல்லி 3 தடவை எழுதிக் கொடுத்தாச்சு. இன்னைக்குக் காலைல குனிஞ்சு பார்த்தேன், அதே ஜாயின்ட்தான் இருக்கு.

இப்படிக்கு,
9 மாச அனுபவமுள்ள ஒரு டிரைலர் டிரைவர்