ஃபாக் லைட் ஒயரிங் எரிந்தது, வாரண்டி மறுக்கப்பட்டது: புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.
(பெயர், முகவரி, ஆர்டர் எண், பில் நகல் தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாகன விளக்கு விற்பனைப் பிரிவு.

பொருள்: இருசக்கர வாகன ஃபாக் லைட் ஒயரிங் செட் ஓடும்போது எரிந்தது குறித்தும், வாரண்டி மறுக்கப்பட்டது குறித்தும்.

ஐயா / அம்மா, வணக்கம்.

கடந்த அக்டோபரில் உங்கள் இணையதளத்தில் 2,799 ரூபாய் கட்டி, ஒரு ஜோடி மஞ்சள் எல்.இ.டி. ஃபாக் லைட்டும் அதற்கான ஒயரிங் செட்டும் வாங்கினேன். நவம்பர் 19-ஆம் தேதி இரவு போடிமெட்டு மலைப்பாதையில் அந்த ஒயரிங் எரிந்தது. அதோடு வண்டியும் நின்றுபோனது. உங்களுக்கு எழுதினேன். "வாடிக்கையாளர் தானே பொருத்திக்கொண்டதால் வாரண்டி பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

எனக்கு வேலை பூப்பாறையில், ஒரு ஏலக்காய் ஸ்டோரில். பச்சைக் காயை உலர்த்தி, சலித்து, எடை போட்டு அனுப்புகிற இடம். வீடு போடியில். தினமும் காலையில் ஏறி, வேலை முடிந்து இரவில் இறங்குகிறேன். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வந்து, செக்போஸ்ட் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் மலையடிவாரத்தில் முந்தல். இந்தப் பாதையை ஐப்பசி, கார்த்திகையில் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மெட்டுக்குக் கீழே சில வளைவுகளில் முன்சக்கரம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி நிற்கும். என் வண்டி 150 சிசி, 2014 மாடல், ஹெட்லைட் 35 வாட் ஹேலஜன். பனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஃபாக் லைட்டைத் தாழ்வாக, லெக் கார்டில் மாட்டி, கதிரைத் தரையோடு அகலமாகப் போகவிட்டால் சாலையோர வெள்ளைக் கோடும் தடுப்புச் சுவரும் தெரியும். அந்த இரண்டும் தெரிந்தால் போதும், நான் வீடு வந்து சேர்ந்துவிடுவேன். அதற்காகத்தான் வாங்கினேன், அழகுக்காக இல்லை.

வண்டி வேலையை நானே பார்ப்பது 11 வருடப் பழக்கம். ஸ்டோர் வேலை முடிகிற நேரத்துக்கு பூப்பாறையிலும் கடை மூடியிருக்கும், போடியிலும் மூடியிருக்கும். ஆயில் மாற்றுவது, செயின் தொய்வு சரிசெய்வது, பிளக் கழற்றித் துடைப்பது, பிரேக் ஷூ மாற்றுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே முடித்துவிடுவேன். ஒயரிங் வேலையை மட்டும் முதலில் பூப்பாறையில் ஒரு மலையாளி மெக்கானிக் சேட்டனிடம் கூட இருந்து கற்றுக்கொண்டேன். தெரியாமல் கைவைத்தால் ஆபத்து என்பதால் மல்டிமீட்டரும் வாங்கினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் பொருத்தியதைத்தான் நீங்கள் குற்றம் சொல்கிறீர்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எப்படிப் பொருத்தினேன் என்பதையும் கேளுங்கள். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினேன். உங்கள் செட்டின் பிளஸ், மைனஸ் இரண்டையும் நீங்கள் கூடவே அனுப்பிய பொருத்தும் புத்தகத்தில் காட்டியபடி நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோனேன். ரிலேவை (விளக்குக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இயக்கும் ஒயரை பார்க் லைட் ஒயரில் சேர்த்தேன், சாவியை எடுத்தால் ஃபாக் லைட்டும் அணைய வேண்டும் என்பதற்காக. ரிலேவை டேங்குக்கு அடியில், தண்ணீர் தேங்காதபடி வாய் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டினேன். ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எங்கும் இழுபடாத அளவுக்கு ஒயரைத் தளர்த்தி விட்டேன். பிறகு மைத்துனரை வண்டியில் உட்காரவைத்து, சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஃபாக் லைட் வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே விழும்படி திருகினேன். எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது. கேரளப் பக்கம் மோட்டார் வாகனத் துறையினர் கூடுதல் விளக்குகள் விஷயத்தில் கறாரானவர்கள், அது சரியும்கூட. பனி இல்லாத இடத்தில் நான் அதைப் போடுவதே இல்லை. எல்லாம் மாட்டிய பிறகு எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. சார்ஜ் ஆகிறது என்று உறுதி செய்த பிறகுதான் சீட்டை மூடினேன்.

நான்கு வாரம் நன்றாகவே எரிந்தது. இரண்டாவது மழையிலேயே ஒரு விளக்கின் கண்ணாடிக்குள் நீர் கோத்துக்கொண்டது, அட்டைப்பெட்டியில் ஐ.பி. 67, அதாவது தூசியும் நீரும் புகாது என்ற தரக்குறியீடு, போட்டிருந்தும்கூட. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 19, இரவு ஏழே முக்கால் இருக்கும். மைத்துனர் பின்னால் உட்கார்ந்திருந்தார். மெட்டிலிருந்து இறங்கும்போது நல்ல பனி. ஒரு வளைவில் திரும்பும்போது ஃபாக் லைட் மினுக் மினுக்கென்று ஆடியது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அடுத்த நொடி ஹெட்லைட் மங்கி, எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. என் தொடை இரண்டுக்கும் நடுவே, டேங்கின் அடியிலிருந்து புகை. டேங்கில் ஐந்து லிட்டருக்குமேல் பெட்ரோல் இருந்தது. மைத்துனரை இறங்கி விலகச் சொல்லிவிட்டு, சீட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடித்து இழுத்தேன். உறை உருகிய கம்பி கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. விளக்கே இல்லாத வண்டியை வளைவின் நடுவிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு எஸ்டேட் ஜீப் வரும் சத்தம் கேட்டது. மைத்துனர் ஓடிப்போய் செல்போன் வெளிச்சத்தை ஆட்டினார். ஜீப் ஓட்டுநர் கவனமானவர், நிறுத்திவிட்டார். ஜீப்பில் தோட்ட வேலை முடிந்து போகிற பெண்கள் இருந்தார்கள். அவர் அன்றைக்கு ஐந்து வினாடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் லீவு போட்டு, உங்கள் ஒயரிங்கை முழுதாகக் கழற்றி வாசலில் விரித்துவைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் இணைத்துள்ளேன்.

எரிய ஆரம்பித்த இடம் ரிலே சாக்கெட்டின் உள்ளே. அதை உங்கள் தொழிற்சாலையில் கருப்பு ஸ்லீவ் போட்டு மூடி அனுப்பியிருந்தீர்கள். நான் அதைத் தொடவே இல்லை. ஸ்லீவை அறுத்துப் பார்த்தால், பேட்டரியிலிருந்து வரும் 30-ஆம் எண் முனையில் ஒயரின் இழைகளில் பாதிதான் லக்கினுள் (ஒயர் முனையில் மாட்டும் உலோகப் பிடி) நசுக்கப்பட்டிருக்கிறது. மீதி இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிடிப்பு தளர்ந்த இடத்தில் சூடு ஏறும் என்பது ஒயரிங் வேலையில் பாலபாடம். சாக்கெட் உருகி, பிளஸ் ஒயர் பக்கத்திலிருந்த எர்த் ஒயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போயிருக்க வேண்டும். உங்கள் புத்தகத்தின் படத்தில் இருப்பது சிவப்பு ஃபியூஸ், 10 ஆம்பியர். மூடி சீல் செய்த ஹோல்டருக்குள் இருந்ததோ பச்சை ஃபியூஸ், 30 ஆம்பியர்! அது இன்றுவரை உருகவில்லை, அப்படியே முழுசாக இருக்கிறது. ஃபியூஸ் என்பது ஒயரைக் காப்பாற்றத்தான். ஒயர் தாங்கும் அளவைவிட ஃபியூஸ் பெரிதாக இருந்தால் ஒயர்தான் ஃபியூஸ் வேலையைச் செய்யும், எரிந்துகொண்டே. சீலைப் பிரித்துப் பார்க்காமல் புத்தகத்தை நம்பியது என் தவறு என்று நீங்கள் சொன்னால், அதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்து ஒயர். "18 கேஜ் சுத்தச் செம்பு" என்று விளம்பரம். கேஜ் என்பது ஒயரின் தடிமன் அளவு. பிளேடால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியிருக்கிறீர்கள். தப்பித்த ஒரு மீட்டர் துண்டை எடுத்து, அதன் வழியாக இரண்டு விளக்கையும் எரியவிட்டு அளந்தேன். இரண்டும் சேர்ந்து இழுப்பது 2.6 ஆம்பியர். 13 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 34 வாட், இரண்டுக்கும் சேர்த்து. பெட்டியில் "ஒவ்வொன்றும் 40 வாட்" என்று இருக்கிறது. அந்த ஒரு மீட்டரில் மட்டும் 0.5 வோல்ட் குறைகிறது. உண்மையான 18 கேஜ் செம்பு ஒயரில் மீட்டருக்கு 0.02 ஓம்தான் தடை, ஆகவே 0.05 வோல்ட்டுக்குமேல் குறையக் கூடாது. பத்து மடங்கு வித்தியாசம். ஷார்ட் ஆனபோது இந்த மெல்லிய ஒயரின் தடையே மின்னோட்டத்தை 30 ஆம்பியரை ஒட்டி நிறுத்தியிருக்கும். அதனால்தான் ஃபியூஸ் அசையவில்லை, ஒயர் மட்டும் நீளத்துக்கும் வெந்தது என்று நினைக்கிறேன். உங்கள் எஞ்சினியர் வேறு காரணம் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். உங்கள் விளம்பரம் என் செல்போனில் தமிழில் வந்தது. "மெக்கானிக் தேவையில்லை, 30 நிமிடத்தில் நீங்களே பொருத்தலாம்" என்று அதில் இருந்தது. அதன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன். (விளம்பரம் தமிழில், பொருத்தும் புத்தகம் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். என் மகள்தான் வாசித்துச் சொன்னாள்.) நீங்களே பொருத்தலாம் என்று சொல்லி விற்றுவிட்டு, நீங்களே பொருத்தினீர்கள் என்று சொல்லி வாரண்டியை மறுப்பது எந்த நியாயம்? அங்கீகரிக்கப்பட்ட சென்டரில்தான் பொருத்த வேண்டும் என்றால் அதைப் பணம் கட்டும் முன்னால் அல்லவா சொல்ல வேண்டும்? பெட்டியிலும் இல்லை, பில்லிலும் இல்லை. அப்படி ஒரு சென்டர் தேனி மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. கடைசியாக, அடுத்த ஆர்டருக்கு 20 சதவீதம் தள்ளுபடி கூப்பன் அனுப்பினீர்கள். அது எனக்கு வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஏலத்துக்கு முதலில் சாம்பிள்தான் போகும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் வியாபாரிகள் அந்த ஒரு பிடி காயைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். சாம்பிளில் 8 மி.மீ. பச்சைக் காயைக் காட்டிவிட்டு மூட்டையில் வெடித்ததையும் சுருங்கியதையும் நிரப்பி அனுப்பினால், வாங்கியவர் பிரித்த விதம் சரியில்லை என்று நாங்கள் சொல்ல முடியுமா? மூட்டை திரும்பி வரும், பெயரும் போகும். நீங்கள் புத்தகத்தில் காட்டிய சிவப்பு ஃபியூஸ் சாம்பிள் என்றால், அனுப்பிய பச்சை ஃபியூஸ்தான் மூட்டை.

நான் கேட்பது இதுதான். விளக்கு செட்டின் விலை 2,799 ரூபாய். உருகிய ஒயரோடு சேர்ந்து கருகிய என் வண்டியின் மெயின் ஒயரிங் புதிதாக வாங்கியது 2,350. ஷார்ட்டில் வீணான பேட்டரிக்கு 1,480. மொத்தம் 6,629 ரூபாய். என் உழைப்புக்கும் விரல் காயத்துக்கும் நான் கணக்குப் போடவில்லை. அதைவிட முக்கியமாக, இதே செட்டை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஹோல்டரைத் திறந்து பார்த்து, 30 ஆம்பியர் இருந்தால் கழற்றிவிட்டு 10 ஆம்பியர் போடச் சொல்லுங்கள். ஒரு ஃபியூஸ் சில ரூபாய்தான். சரிபார்த்து முடிக்கும்வரை அந்த ஒயரிங்கை விற்காதீர்கள். புத்தகத்தைத் தமிழில் அச்சிட முடிந்தால் அச்சிடுங்கள். மலைப்பாதையில் இதை மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களில் என்னைப்போல ஆங்கிலம் தடுமாறுபவர்கள் நிறையப் பேர்.

இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, வந்த புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு முதல் பதில் வரவே 9 நாள் ஆனது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் முறையான பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நான் வசிக்கும் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். இந்த அளவு தொகைக்குக் கட்டணம்கூட இல்லை. ஆனால் வழக்கு வரை போக எனக்கு விருப்பமில்லை. தவறை ஒப்புக்கொண்டு சரிசெய்தால் போதும்.

எரிந்த ஒயரிங், ரிலே, அந்தப் பச்சை ஃபியூஸ் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன், மன்னிக்கவும். உங்கள் ஆள் யாராவது வந்தால் என் முன்னால் எடுத்துப் பார்க்கலாம், அளந்தும் பார்க்கலாம், மல்டிமீட்டர் என்னிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுவதும் வீட்டில் இருப்பேன். மற்ற நாட்களில் இரவு எட்டரைக்குப் பிறகு அழையுங்கள், அதற்கு முன்னால் மலையில் சிக்னல் கிடைக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர்.

இணைப்பு: பில் நகல், விளம்பர ஸ்கிரீன்ஷாட், ஒயரிங் புகைப்படங்கள், மெயின் ஒயரிங் மற்றும் பேட்டரி வாங்கிய ரசீதுகள்.